சப்வூஃபர்: சத்தம் வருகிறது, ஆழம் வரவில்லை

சென்ற மாதம் ஹோம் தியேட்டர் பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அடி ஒலியை மட்டும் தருகிற பெட்டியான சப்வூஃபரைப் பற்றித்தான். வீடு வேறு, பெட்டி வேறு, ஆனால் எல்லோருக்கும் குறை ஒன்றுதான்: சத்தம் வருகிறது, ஆழம் வரவில்லை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், என்னிடம் 8 அங்குல சப்வூஃபர் இருக்கிறது. பாட்டு கேட்டால் நன்றாக இருக்கிறது. படத்தில் வெடிச்சத்தம் வந்தால் மட்டும் 'தொம்' என்று ஒரே மாதிரி சத்தம், உடம்பில் எதுவும் தெரிவதில்லை. வால்யூமை ஏற்றினால் 'பர்ர்' என்கிறது. வாட்ஸ் கூடுதலான ஆம்ப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த 'பர்ர்' சத்தம் ஸ்பீக்கர் தன் எல்லையைத் தொட்டுவிட்டதற்கு அடையாளம். அதற்கு மேல் பவர் கொடுத்தால், காற்றைத் தள்ளுகிற கூம்பை, அதாவது கோனை, ஆட்டுகிற கம்பிச்சுருளான வாய்ஸ் காயில்தான் கருகும். முப்பது வருடமாக ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றிக் கொடுத்தவன் நான். இப்படி வருகிற ஸ்பீக்கரைக் கழற்றினால் காயில் சுற்றிய உருளை கறுத்துப்போய், வார்னிஷ் எரிந்த வாடை மூக்கில் ஏறும். சிலவற்றில் உருளையின் அடி விளிம்பு நசுங்கியிருக்கும். கோன் அளவுக்கு மீறிப் பின்னால் போய், காந்தத்தின் அடித்தட்டில் திரும்பத் திரும்ப இடித்த தழும்பு அது. கொண்டுவந்தவரைக் கேட்டால், "பேஸ் பத்தல, அதான் கொஞ்சம் ஏத்தினேன்" என்பார்.

பேஸ் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பாட்டில் நம்மைத் தலையாட்ட வைக்கும் பேஸ் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) முடிந்துவிடும். பேஸ் கிதாரின் அடித்தந்தியே சுமார் 41 ஹெர்ட்ஸ்தான். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. படத்தில் வரும் வெடிப்பும் நிலநடுக்கமும் அதற்கும் கீழே, 20 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். உங்கள் பெட்டி பாட்டுக்கு நன்றாக இருந்து படத்துக்குத் திணறுவது இதனால்தான்.

அடியில் இறங்க இறங்க வேலை எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். 80 ஹெர்ட்ஸில் ஓர் அளவு சத்தம் தர உங்கள் கோன் 1 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் தர 4 மில்லிமீட்டர் ஆட வேண்டும். 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டர். அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் தள்ள வேண்டிய காற்று நான்கு மடங்காகிறது. அவ்வளவு தூரம் ஆடக்கூடிய 8 அங்குல ஸ்பீக்கர் அபூர்வம். ஆம்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கினாலோ கிடைப்பது வெறும் 3 டெசிபல், சத்த அளவில் சின்ன ஏற்றம்தான்.

இன்னொரு பக்கம் நம் காது. நடுத்தர ஸ்வரங்களில் கிசுகிசுப்பைக்கூடப் பிடித்துவிடும் காது, 20 ஹெர்ட்ஸில் 75 டெசிபலைத் தாண்டிய பிறகுதான் ஏதோ இருக்கிறது என்றே உணர ஆரம்பிக்கும். இதை வைத்துக்கொண்டு உங்கள் 'தொம்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். திணறுகிற கோன், 25 ஹெர்ட்ஸ் கொடுக்கச் சொன்னால் கூடவே 50, 75 என்று தானாகச் சேர்த்துவிடும். 25 காதில் சரியாக விழாது, 75 நன்றாக விழும். ஆக நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி படத்தில் இல்லாத சத்தம், உங்கள் ஸ்பீக்கர் உண்டாக்கியது. எந்த வெடிப்பும் ஒரே மாதிரி கேட்பதற்குக் காரணம் இதுதான். சுத்தமான பேஸ் என்று நான் சொல்வது, இந்தக் கலப்படம் இல்லாத பேஸை. எல்லைக்கு நன்றாகக் கீழே, மூச்சு வாங்காமல் ஓடுகிற ஸ்பீக்கரிடம் மட்டும்தான் அது கிடைக்கும்.

அதனால் வாங்கினால் பரப்பு கூடுதலானதை வாங்குங்கள். 12 அங்குலக் கோனின் பரப்பு 8 அங்குலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெட்டியும் பெரிதாகத்தான் இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் ஏதாவது இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும். ஒலித் தொழிலில் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். எத்தனையோ விளம்பரங்கள் வந்துபோய்விட்டன, அந்த விதி அப்படியேதான் இருக்கிறது. புதுப்பெட்டி வரும்வரை, 'பர்ர்' கேட்காத அளவுக்கு வால்யூமைக் குறைத்தே பாருங்கள். பேஸ் குறைந்தது போலத் தோன்றும், ஆனால் வெடிப்புக்கு வெடிப்பு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: நல்ல 12 அங்குல சப்வூஃபர்தான் வாங்கினேன். நான் உட்காரும் சோபாவில் ஆழமே இல்லை. எழுந்து பின்சுவர்ப் பக்கம் போனால் கும்மென்று அடிக்கிறது. பெட்டியில் பழுதா?

பதில்: பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. உங்கள் சோபா அறையின் நடுவில் இருக்கிறது, சரியா? நீங்கள் எழுதவில்லை என்றாலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர், 40 ஹெர்ட்ஸுக்கு எட்டரை மீட்டர். நம் வீட்டு அறையைவிட இந்த அலைகள் நீளம். எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி, தங்களோடு தாங்களே சேர்ந்துகொள்ளும். சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 343ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 5 மீட்டர் அறைக்கு 34 வரும். அந்த அறையில் 34 ஹெர்ட்ஸ் இரண்டு சுவர் ஓரமும் கொட்டிக் கிடக்கும், நட்டநடுவில் காணாமல் போயிருக்கும். அதன் இரட்டிப்பான 69 ஹெர்ட்ஸோ நடுவிலும் உச்சத்தில் இருக்கும். ஆக நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆழம் இல்லாத 'தொம்' மட்டும் கிடைக்கும். எந்தப் பெட்டியை வாங்கி வைத்தாலும் அப்படித்தான்.

இது நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொண்டதில்லை. என் சொந்த அறையும் 5 மீட்டர்தான். நாற்காலி நடுவில். மைக் வைத்து அளந்தால் 34இல் பெரிய பள்ளம். அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் அந்த இடத்தை 9 டெசிபல் தூக்கினேன். அப்படித் தூக்கினால் ஆம்ப் அந்த இடத்தில் எட்டு மடங்கு பவரைக் கொட்ட வேண்டும். கோன் வெளியே வந்துவிடும்போல ஆடியது, பள்ளம் அப்படியே இருந்தது. நேர் அலையைத் தூக்கினால் அதை அழிக்க வருகிற எதிரொலியும் அதே அளவு உயரும், எப்படி நிரம்பும்? ஒரு வாரம் இதோடு போராடிவிட்டு நாற்காலியை 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். அவ்வளவுதான். அதே காட்சியில் தரை வழியாகக் கால் பாதத்தில் அதிர்வு ஏறியது. வாங்கி வைத்த எந்தக் கருவியும் எனக்குச் செய்யாததை அந்த 60 சென்டிமீட்டர் செய்தது.

நீங்களும் முதலில் சோபாவை நகர்த்துங்கள். 30 சென்டிமீட்டராக நகர்த்திக் கேளுங்கள். பின்சுவரோடு ஒட்டிவிடாதீர்கள், அங்கே எல்லாமே வீங்கிக் கேட்கும். சோபாவை அசைக்கவே முடியாது என்றால் பெட்டியை இடம் மாற்றுங்கள். அதற்கு ஒரு பழைய, நம்பகமான வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே, முடிந்தால் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிதார் ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி இறங்குகிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு, பெட்டியை வைக்க வாய்ப்புள்ள சுவரோரமெல்லாம் தரையோடு தரையாகத் தவழ்ந்து போங்கள். காது பெட்டியின் உயரத்தில் இருக்க வேண்டும், நின்றுகொண்டு கேட்டால் பலனில்லை. ஓரிடத்தில் ஒரே ஸ்வரம் மட்டும் பொங்கும். இரண்டடி தள்ளினால் அது அடங்கி வேறொன்று மறையும். எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிற இடம் ஒன்று அகப்படும். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வையுங்கள். ஒலிபெருக்கியும் காதும் இடம் மாறினாலும் அறை இரண்டுக்கும் நடுவே ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால்தான் இது பலிக்கிறது.

மூலையில் வைத்தால் சத்தம் நிச்சயம் கூடும். பலர் அதைக் கேட்டு மயங்கி அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மூலை அறையின் எல்லா அலைகளையும் ஒருசேரக் கிளப்பிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஈக்வலைசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்தால் போதும்: பொங்குகிற இடத்தை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள்.

கேள்வி: ஒரு பெரிய சப்வூஃபர் நல்லதா, நடுத்தர அளவில் இரண்டு நல்லதா?

பதில்: ஒரு நாற்காலி மட்டும், அதில் ஒருவர் மட்டும் என்றால் பெரியது ஒன்று போதும். வீட்டில் மூன்று நான்கு பேர் சேர்ந்து பார்ப்பீர்கள் என்றால் இரண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002இல் இதைத்தான் ஆராய்ந்தார். நீள்சதுர அறையில் எத்தனை சப்வூஃபரை எங்கெங்கே வைத்தால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் குறையும் என்பது கேள்வி. நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது மிக நல்ல முடிவு தந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பதே அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. காரணம் எளிது. அறையின் முதல் அலையில் முன்சுவரும் பின்சுவரும் எதிர்ப்போக்கில் இருக்கும். முன்னால் உள்ள பெட்டி கிளப்பும் அந்த அலையைப் பின்னால் உள்ள பெட்டி அடக்கிவிடும். நடுவில் விழும் பள்ளத்துக்கு வேரே இல்லாமல் போகிறது.

இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்று 20 வரை இறங்கி மற்றது 35இல் நின்றுவிட்டால், சின்னதுதான் முதலில் திணறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், அறைக்குள் உள்ள மேடு பள்ளம் மட்டும் மாறாது. ஒவ்வொன்றும் பாதி வேலைதான் பார்க்கிறது என்பதால் சுத்தமும் கூடும்.

கேள்வி: போர்ட் (காற்று போய்வரும் குழாய்) உள்ள பெட்டி 'மந்தம்', மூடிய பெட்டிதான் 'வேகம்' என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதிகூட உண்மையில்லை. நண்பர் கேட்ட மந்தத்தில் பெரும்பகுதி அவருடைய அறையிலிருந்து வந்திருக்கும். ஒரு ஸ்வரம் அடித்து முடிந்த பிறகும் சுவர்களுக்கு நடுவே அது இழுத்துக்கொண்டே இருந்தால், எந்தப் பெட்டியும் மந்தமாகத்தான் கேட்கும்.

மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போலக் கோனைப் பிடித்துக்கொள்ளும். 1954இல் எட்கர் வில்ச்சூர் இந்த யோசனையைப் பெட்டியாகச் செய்து அறிமுகப்படுத்தியபோதுதான் வீட்டு அலமாரியில் அடங்குகிற அளவுப் பெட்டியில் நல்ல பேஸ் சாத்தியமானது. அதில் சத்தம் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும்போது 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும். சின்ன அறையில், அறையே அடிப்பகுதியை ஓரளவு தூக்கிக் கொடுத்துவிடும். போர்ட் பெட்டியில் அந்தக் குழாயே ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் பாடும். அந்த இடத்தில் கோன் கொஞ்சமாக ஆடினாலே நிறையச் சத்தம் கிடைக்கும். பெரிய அறைக்கு இது பெரிய லாபம். ஆனால் அந்த ஸ்வரத்துக்குக் கீழே சத்தம் 24 டெசிபல் வேகத்தில் சரியும், கோனைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் போகும். நல்ல பெட்டிகளில் இதற்காகவே, அந்த அடி ஒலியை வெட்டிவிடுகிற ஒரு ஃபில்டர் உள்ளே இருக்கும். மட்டமான பெட்டியில் அது இருக்காது. என்னிடம் பழுதுக்கு வந்தவற்றில் பல இந்த ரகம்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது சத்தமான காட்சியில் போர்ட் வாய்க்கு முன்னால் கையை வையுங்கள். காற்று வந்து படுவது இயல்பு. அதோடு 'புஸ் புஸ்' என்று மூச்சுவிடும் சத்தம் கேட்டால் குழாய் சின்னது என்று அர்த்தம், வேண்டாம். அந்தப் 'புஸ்' சத்தம்தான் இருட்டில்கூடப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாக ஓடுகிற பெட்டி இருக்கும் திசையைக் காதால் கண்டுபிடிப்பது கடினம்.

கேள்வி: ரிசீவரிலும் கிராஸ்ஓவர் இருக்கிறது, சப்வூஃபரின் பின்பக்கமும் ஒரு திருகு இருக்கிறது. எதைத் திருப்புவது?

பதில்: எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ரிசீவரில் மட்டும். கிராஸ்ஓவர் என்பது, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்புவது என்ற எல்லை. பின்பக்கத் திருகைக் கடைசிவரை ஏற்றிவிட்டு மறந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே வேலை இரண்டு முறை நடக்கும். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வையுங்கள். உயரமான ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் இதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். அடிப்பகுதியைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஏதுமில்லை. கிராஸ்ஓவரை 80இல் ஆரம்பியுங்கள். எல்.எஃப்.இ. சானலுக்கு, அதாவது படத்தில் அடி ஒலிக்கென்றே இருக்கும் தடத்துக்கு, தனியாக ஒரு அளவு கேட்டால் 120. அந்தச் சானலின் எல்லையே அதுதான். மற்ற சானல்களைவிட அது 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சப்வூஃபர் தாங்க வேண்டிய சுமை அவ்வளவு.

சப்வூஃபரின் அலையை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போக வைக்கிற ஃபேஸ் திருகைத் தொட இருவர் வேண்டும். 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு நீங்கள் சோபாவில் இருங்கள், இன்னொருவர் திருகட்டும். எங்கே சத்தம் அதிகமோ அங்கே நிறுத்துங்கள். தானியங்கி அளவீடு செய்தபின் ரிசீவர் சப்வூஃபரின் தூரத்தை உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் பயந்து திருத்தாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது.

கேள்வி: சுவரில் ஃபோம் அட்டைகள் ஒட்டினால் பேஸ் சுத்தமாகுமா?

பதில்: ஆகாது. இரண்டங்குல ஃபோம் பேச்சின் எதிரொலியைக் குறைக்கும். 40 ஹெர்ட்ஸ் அலையில் கால்பங்கே 2 மீட்டருக்கு மேல் நீளம், அதற்கு ஃபோம் இருப்பதே தெரியாது.

கேள்வி: பேஸ் வரும்போதெல்லாம் எங்கோ 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. பெரும்பாலும் ஸ்பீக்கராக இருக்காது. 20இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறுகிற சோதனை ஒலியைப் போட்டுவிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். 'கிர்ர்' வந்ததும் அந்த இடத்திலேயே ஒலியை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு பொருளாக உள்ளங்கையால் அழுத்துங்கள். ஜன்னல் கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள், மாட்டியிருக்கும் படச்சட்டம், அலமாரியின் கண்ணாடிக் கதவு. எதை அழுத்தினால் நிற்கிறதோ அதுதான். சட்டத்தின் பின்னால் இரண்டு ஃபெல்ட் துண்டு ஒட்டினால் போதும். என்னிடம் ஒருவர் பழுது என்று கொண்டுவந்த சப்வூஃபரில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஜன்னலின் கொக்கி ஒன்று லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 43 ஹெர்ட்ஸில் மட்டும் அது பேசும்.

கேள்வி: நான் ராத்திரியில்தான் படம் பார்ப்பேன். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும். சத்தம் குறைத்தால் பேஸே இல்லாமல் போகிறது. வழி உண்டா?

பதில்: மொத்த வால்யூமைக் குறைக்கும்போது, முதலில் காதைவிட்டுப் போவது அடி பேஸ்தான். காதின் அமைப்பு அப்படி. 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். உங்கள் ரிசீவரில் வால்யூமுக்குத் தகுந்தபடி அடிப்பகுதியைத் தானாகத் தூக்குகிற வசதி இருக்கலாம். 'டைனமிக் ஈக்யூ', 'லௌட்னெஸ்' என்று ஏதாவது பெயரில் இருக்கும். ராத்திரிக்கு அதைப் போடுங்கள்.

ஆனால் தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும், கதவைச் சாத்தினாலும் நிற்காது. குழந்தை இருக்கும் வீட்டில் நான் சொல்வது வேறு வழி: சோபாவின் அடிச்சட்டத்தில் திருகி மாட்டுகிற அதிர்வுக் கருவி. கோன் இல்லாத ஸ்பீக்கர் மாதிரி, காற்றுக்குப் பதிலாக மரச்சட்டத்தை ஆட்டும். சப்வூஃபருக்குப் போகிற சிக்னலையே ஒரு தனி ஆம்ப் வழியாக இதற்கும் கொடுக்க வேண்டும். சோபாவின் நான்கு கால்களுக்கும் அடியில் தடித்த ரப்பர் வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்குவது குறையும். சப்வூஃபரைப் பாதியாகக் குறைத்துவிட்டு இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தனியாக அதிர்வதாகத் தெரிந்தால் அதிகம் வைத்துவிட்டீர்கள், ஒரு படி இறக்குங்கள். எல்லாம் முடிந்ததும் மிகச் சத்தமான காட்சியை ஓடவிட்டு, குழந்தையின் கட்டில் சட்டத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, ராத்திரிக்கு அதையே போடுங்கள்.